திருச்சூர் பூரம்: ஒன்றரை நாளில் எத்தனை மேளம் கேட்கலாம்?

கேள்வியின் சாரம் இது: பொள்ளாச்சியிலிருந்து அப்பாவும் மகனும் திருச்சூர் பூரத்துக்குப் போகிறார்கள். அப்பா தவிலும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்தவர். யானையும் வாணவேடிக்கையும் அவருக்கு இரண்டாம்பட்சம். வருகிற மேளக் குழுக்களில் முடிந்த மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும். முன்பு ஒருமுறை போனபோது நாள் முழுக்க ஓடியும் காதில் இரைச்சல் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இந்த முறை எப்படித் திட்டமிடுவது?

முதலில் அந்த "எல்லாவற்றையும்" என்ற ஆசையை விட்டுவிடுங்கள். ஒன்றரை நாளில் முழுதாக மூன்று, அரைகுறையாக நான்கைந்து. இதுதான் ஒரு மனிதனின் காலும் காதும் தாங்கும் கணக்கு. அந்த மூன்றையும் தொடக்கத்திலிருந்து கேட்க வேண்டும். போன முறை இரைச்சலாகப் பட்டதற்குக் காரணம் கூட்டம் இல்லை. ஒவ்வொரு மேளத்துக்கும் அது உச்சத்தில் இருக்கும்போது போய்ச் சேர்ந்திருப்பீர்கள். கோவை, பொள்ளாச்சிக் கல்யாண மண்டப வாசலில் பத்துப் பேர் வந்து கொட்டும் செண்டை எடுத்த எடுப்பிலேயே வேகத்தில் தொடங்கும். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, வேகம்தான் செண்டை என்று பதிந்துவிடுகிறது. பூரத்தில் கொட்டுவது வேறு சரக்கு.

பாண்டி மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு அட்சரம், அதாவது ஏழு தாள எண்ணிக்கைதான் அடிப்படை. ஆனால் அது ஏழில் தொடங்காது. ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) 56 அட்சரம் என்று ஆரம்பித்து, 28, 14, 7 என்று படிப்படியாகப் பாதியாகும். சுற்று சுருங்கச் சுருங்க வேகம் ஏறும். கடைசி ஏழில் வந்து நிற்பவருக்கு ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பது போலத்தான் தோன்றும். 56-இல் இருந்து கூடவே நடந்து வந்தவருக்கு, அந்த ஏழுக்குள் முதல் ஐம்பத்தாறும் மடிந்து கிடப்பது தெரியும். பஞ்சாரி மேளத்தில் இதே கணக்கு 96, 48, 24, 12, 6 என்று ஐந்து காலமாக, அதாவது ஐந்து வேகக் கட்டமாக, இறங்கும்.

பஞ்சவாத்தியம் இன்னும் நீளம். முதல் கட்டமான பதிகாலத்தில் 896 அட்சரம். பிறகு 448, 224, 112, 56. அதோடு முடியாது. அதற்கப்புறம் கொஞ்சம் தளர்வான இரண்டாம் பாதி ஒன்று 28-இல் தொடங்கிக் கீழே இறங்கும். முழுக்க நடந்தால் இரண்டு மணி நேரம், பூரத்தில் அதற்கு மேலும் போகும். பதிகாலம் மட்டுமே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. இதில் செண்டையே கிடையாது. திமிலை, மத்தளம், இடக்கை என்ற தோல் கருவிகள், இலத்தாளம் என்ற வெண்கலத் தட்டு, ஊதும் கொம்பு ஆகிய ஐந்துதான். தொடங்கும்போது சங்கு ஊதுவார்கள். திமிலையும் மத்தளமும் கையால் வாசிப்பவை என்பதால் ஒலியில் ஒரு மென்மை உண்டு. தவில் கேட்ட காதுக்கு இதுதான் சுலபமான வாசல். ஒவ்வொரு காலத்திலும் திமிலைக்காரர்கள் ஒரு முறை விரித்து வாசிக்க, மத்தளக்காரர்கள் பதில் சொல்ல, இடக்கை தனியாகக் கொஞ்சம் பேச, பிறகு எல்லோரும் சேர்ந்து கொட்டி அடுத்த காலத்துக்குப் போவார்கள். தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய அப்பாவுக்கு இந்த வரிசை பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். இன்றைய பஞ்சவாத்தியத்துக்கு 1930களில் உருவம் கொடுத்தவர்களில் மத்தளக் கலைஞர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி முக்கியமானவர். பாரதப்புழைக்குத் தென்கரையில் நம் பாலக்காட்டு எல்லையை ஒட்டிய ஊர்க்காரர், வீட்டில் தமிழ் பேசும் ஐயர். திமிலையில் அன்னமனட அச்சுத மாராரும் செங்கமநாடு சேகரக் குருப்பும் அவரோடு நின்றவர்கள்.

இனி நாளின் அமைப்பு. பூரம் மேட மாதத்தில் (நம் சித்திரை) பூர நட்சத்திரத்தன்று. ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவுக்குள் வரும். பாறமேக்காவு, திருவம்பாடி ஆகிய இரண்டும் பெரிய பங்காளிகள். இவை போக கணிமங்கலம், காரமுக்கு, சூரக்காட்டுக்காவு, லாலூர், ஐயந்தோள், செம்புக்காவு, பனமுக்கும்பிள்ளி, நெய்தலக்காவு என்று எட்டுச் சிறு பூரங்கள். பத்துக் கோயிலும் தத்தம் வாத்தியக் குழுக்களோடு வடக்குநாதன் கோயிலை நோக்கி வரும். வடக்குநாதனைச் சுற்றித் தேக்கின்காடு மைதானம், மைதானத்தைச் சுற்றி ஸ்வராஜ் ரவுண்டு என்ற வட்டச் சாலை. எல்லாமே இந்த வட்டத்துக்கு உள்ளேயோ பக்கத்திலேயோதான் நடக்கிறது. இந்தப் படத்தை முதலில் மனதில் வரைந்துகொள்ளுங்கள்: பாறமேக்காவுக் கோயில் ரவுண்டின் கிழக்கில், நாய்க்கனால் வடமேற்கு மூலையில், நடுவிலால் மேற்கில், மணிகண்டனால் தென்மேற்குப் பக்கம், ஸ்ரீமூலஸ்தானம் வடக்குநாதனின் மேற்குக் கோபுரத்துக்கு எதிரே. அன்றைக்கு இந்த ஐந்து பெயரும் தெரிந்தால் வழி கேட்க வேண்டியதில்லை.

சிக்கல் மதியம்தான். காலை சுமார் பதினொன்றரைக்குத் திருவம்பாடியின் 'மடத்தில் வரவு' என்ற ஊர்வலப் பஞ்சவாத்தியம் பழைய நடக்காவில் உள்ள மடத்தின் முன்னால் தொடங்கும். அது மெல்ல நகர்ந்து சுமார் இரண்டரைக்கு நாய்க்கனாலில் முடியும். அதே நேரத்தில் கிழக்கே பாறமேக்காவு பகவதி பதினைந்து யானைகளோடு எழுந்தருளி, கோயில் முன்னால் எட்டு அட்சரச் செம்படை மேளம் கொட்டி, பாண்டிக்கு மாறி, வடக்குநாதன் மதிலுக்குள் நுழைந்து, இரண்டு, இரண்டரை மணி வாக்கில் இலஞ்சித்தற மேளத்தைத் தொடங்கிவிடும். இலஞ்சி என்ற மகிழமரத்தடியில் இருநூறுக்கு மேற்பட்ட கலைஞர்கள் நின்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொட்டும் பாண்டி. பொதுவாகப் பாண்டியை மதிலுக்கு வெளியேதான் கொட்டுவார்கள். இங்கே மட்டும் உள்ளே. பஞ்சவாத்தியத்தின் முடிவும் இலஞ்சித்தறயின் தொடக்கமும் ஒரே நேரத்தில் மோதுகின்றன. இரண்டுக்கும் நடுவே முழுக்க மனிதத் தலைகள். "இதில் பாதி, அதில் பாதி" என்று ஓடுபவர்கள் பஞ்சவாத்தியத்தின் உச்சத்தையும் இலஞ்சித்தறயின் 56-ஐயும் ஒருசேர இழக்கிறார்கள். போன முறை உங்களுக்கு நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும்.

என் தீர்ப்பு: அப்பாவோடு போவதென்றால், மடத்தில் வரவைத் தேர்ந்தெடுங்கள். மேளப் பிரியர்கள் பலர் இதற்குச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. இலஞ்சித்தறயில் நல்ல இடம் வேண்டுமானால் பன்னிரண்டு மணிக்கே உள்ளே போய் நின்றுவிட வேண்டும். உட்கார இடமில்லை, நடுவில் வெளியே வர முடியாது, நாலரை வரை அதே நிலை. அறுபதைத் தாண்டியவருக்கு அது தண்டனை. மடத்தில் வரவோ தெருவில் நடக்கிறது. பக்கச் சந்துகள் இருக்கின்றன. மயக்கம் வருவது போல் இருந்தால் பத்து அடி விலகினால் கடைத் திண்ணை. முதல் ஒரு மணி நேரம் குழு ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதால், பதிகாலத்தை நகராமல் கேட்கலாம். அது நாய்க்கனாலில் முடிந்த கையோடு அங்கிருந்தே திருவம்பாடியின் பாண்டி மேளம் தொடங்கி ஸ்ரீமூலஸ்தானம் வரை போகும். ஒரே இடத்தில் நின்று ஒரு பஞ்சவாத்தியமும் ஒரு பாண்டியும் கிடைக்கிறது. இலஞ்சித்தற கொடிகட்டிப் பறப்பதால் இந்தப் பாண்டிக்குக் கூட்டம் சற்றுக் குறைவு. கொட்டு ஒன்றும் குறைந்ததில்லை. ஓர் உதாரணம் போதும்: பெருவனம் குட்டன் மாரார் 1999 முதல் 2022 வரை இலஞ்சித்தறக்குப் பிரமாணியாக, அதாவது மேளத்தின் தலைவராக இருந்தார். 2023-இல் அந்த இடத்துக்கு வந்த கிழக்கூட்டு அனியன் மாரார், அதற்கு முன் பத்தாண்டுக்கு மேல் திருவம்பாடியின் பாண்டிக்குத் தலைமை தாங்கியவர்தான்.

நீங்கள் தனியாள், இருபத்தைந்து வயது, ஐந்து மணி நேரம் நிற்க முடியும் என்றால் இலஞ்சித்தறக்கே போங்கள். அப்போது மடத்தில் வரவை இரவில் பிடித்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே வருகிறேன்.

காலை நேரத்தைத் தூங்கிக் கழிக்காதீர்கள். கணிமங்கலம் சாஸ்தா ஏழு, ஏழரைக்கே தெற்குக் கோபுரம் வழியாக வந்துவிடுவார். அவருக்குப் பின்னால் மற்ற சிறு பூரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நண்பகலைத் தாண்டியும் வந்துகொண்டிருக்கும். சிலவற்றோடு பஞ்சவாத்தியம், சிலவற்றோடு பாண்டி, சிலவற்றில் இரண்டும். குழுக்கள் சிறியவை, கூட்டம் குறைவு, வெயில் ஏறியிருக்காது. பிரமாணிக்கு ஆறடி தூரத்தில் நின்று கேட்க முடிவது இந்த நேரத்தில் மட்டும்தான். நிறையக் குழுக்களைக் கேட்க வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கும் இதுவே இடம். ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் நின்று, எந்தக் கருவி எங்கே நிற்கிறது, காலம் மாறும்போது யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். மதியத்துக்கான பயிற்சி அது. பத்தரைக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஏதாவது சாப்பிட்டு, பதினொன்றுக்கெல்லாம் பழைய நடக்காவில் இருந்தாக வேண்டும்.

எங்கே நிற்பது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். செண்டை மேளத்தில் முன்வரிசை உருட்டுச் செண்டை. நடுவில் பிரமாணி, அவருக்கு இருபுறமும் மூத்த கலைஞர்கள். நுணுக்கமான வாசிப்பெல்லாம் இந்த ஒரு வரிசையில்தான். அவர்களுக்கு எதிரே முகம் பார்த்துக் குழலும் கொம்பும். உருட்டுக்குப் பின்னால் தாளத்தைப் பிடித்து நிறுத்தும் வலந்தலைச் செண்டைகள் வரிசை வரிசையாக. அதற்கும் பின்னால் இலத்தாளங்கள். கூட்டம் சும்மா தள்ளிக்கொண்டு போய் விடும் இடம் இலத்தாளத்தின் பின்புறம். அங்கே நின்றால் வெண்கலத் தட்டுகளின் ஒலி தவிர வேறெதுவும் கேட்காது. உருட்டு அடியோடு அமுங்கிவிடும். நீங்கள் நிற்க வேண்டியது பக்கவாட்டில், உருட்டு வரிசையும் குழல் வரிசையும் எதிரெதிரே நிற்கும் இடைவெளியின் வாயில். உருட்டு ஒரு காதிலும் குழல் மறு காதிலும் விழும். பிரமாணிக்கு நேரே நிற்க வேண்டும் என்பதில்லை. வரிசையின் ஓரமே போதும்.

பஞ்சவாத்தியத்தில் இதே விதி. திமிலை வரிசையும் மத்தள வரிசையும் முகம் பார்த்து நிற்கும். திமிலைக்குப் பின்னால் இலத்தாளம், மத்தளத்துக்குப் பின்னால் கொம்பு. இரண்டு வரிசைக்கும் நடுவிலான சந்தின் இரு முனையிலும் இடக்கைக்காரர்கள். அந்த முனைக்கு வெளியே, இடக்கைக்காரரின் தோளுக்குப் பின்னால் நிற்பது போல ஓர் இடம் வேறில்லை. இடக்கை ஒலி மற்றவற்றை விட மெலிது. தள்ளி நின்றவர்கள் அது பேசுவதையே கேட்டிருக்க மாட்டார்கள். ஊர்வலம் நகரும்போது பின்னால் தொடராதீர்கள். முன்னால் போய் அடுத்த நிறுத்தத்தில் காத்திருங்கள். பின்னால் வருபவருக்கு எதிரொலி மட்டும்தான் கிடைக்கும்.

எண்ணுவது எப்படி? குழலைப் பார்த்து ராகம் தேட வேண்டாம் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சின்ன நாதஸ்வரம் மாதிரி இருக்கும். ஆனால் இங்கே அதன் வேலை வேறு. சுற்று எங்கே தொடங்குகிறது, காலம் எப்போது மாறப்போகிறது என்று அடையாளம் காட்டுவதற்குத்தான் அது. பிரமாணியும் குழலின் தலைவரும் கண்ணால் பேசிக்கொள்வதை நீங்களே பார்க்கலாம். தாளத்துக்கு இலத்தாளக்காரர்களின் கையைப் பாருங்கள். கூட்டத்தின் கையைப் பார்த்தாலும் போதும். முன்வரிசையில் நிற்கும் பழுத்த ரசிகர்கள் மெதுவான காலத்தில் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருப்பார்கள். வேகம் ஏறும்போது அந்தக் கை தலைக்கு மேலே போகும். கலாசம் என்ற முத்தாய்ப்பு நெருங்கும்போது ஆயிரம் கை ஒரே அட்சரத்தில் இறங்கும். அந்தக் கை இறங்கும் இடம்தான் நீங்கள் தேடும் இடம். இரண்டு சுற்று தவறவிட்டாலும் மூன்றாவதில் பிடித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: 56-இல் பிடிபடவில்லை என்று மனம் தளர வேண்டாம். 14-க்கு வரும்போது யாருக்கும் பிடிபடும். அங்கிருந்து நினைவால் பின்னோக்கிப் போகலாம்.

மாலை ஐந்தரையை ஒட்டித் தெற்குக் கோபுர நடையில் குடைமாற்றம். இரு தரப்பும் எதிரெதிரே யானைகளை நிறுத்திக் குடைகளை மாற்றி மாற்றிக் காட்டும். பார்க்க வேண்டிய காட்சிதான். அங்கேயும் மேளம் ஒலிக்கும். ஆனால் ஒவ்வொரு குடைக்கும் எழும் ஆரவாரத்தில் கொட்டு காணாமல் போய்விடும். மேளத்துக்காக வந்தவர்கள் இந்த நேரத்தை ஓய்வுக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம். ரவுண்டை விட்டுக் குறைந்தது அரைக் கிலோமீட்டர் வெளியே போய்ச் சாப்பிட்டு, கிடைத்தால் மூன்று மணி நேரம் தூங்குங்கள்.

ஏனென்றால் இரவு உண்டு. பகலில் நடந்ததில் பலவும் இரவில் மறுபடி நடக்கும்: சிறு பூரங்கள் எட்டு மணி வாக்கிலிருந்து திரும்ப வரும். பதினொன்றை ஒட்டி மடத்தில் வரவும் பாறமேக்காவின் இரவுப் பஞ்சவாத்தியமும். தீவட்டி வெளிச்சம், குளிர்ந்த காற்று, பகலில் இருந்ததில் ஒரு பங்கு கூட்டம். வெயிலில் வாடாத காதோடு பஞ்சவாத்தியம் கேட்க இதைவிட நல்ல நேரம் இல்லை. பகலில் திருவம்பாடி கேட்டிருந்தால் இரவில் பாறமேக்காவுக்குப் போங்கள். ஒரே தாளத்தை இரண்டு பிரமாணிகள் எப்படி நடத்துகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். ஒருவர் பதிகாலத்தில் நின்று நிதானிப்பார். எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் கூட்டிக்கொட்டில் மற்றவர் காரம் சேர்ப்பார். பல குழுக்களைக் கேட்பதன் பயனே இந்த ஒப்பீடுதான்.

விடிகாலை மூன்று மணி வாக்கில் வெடிக்கெட்டு எனும் வாணவேடிக்கை. அந்த நேரத்தில் ரவுண்டின் பெரும்பகுதியில் காவல்துறை ஆட்களை நிற்க விடாது. கயிறு கட்டித் தள்ளி நிறுத்துவார்கள். பஞ்சவாத்தியம் முடிந்ததும் வெளியேறிவிடுங்கள். சத்தம் எங்கிருந்தாலும் வந்து சேரும்.

மறுநாள் பகல் பூரத்தை வெளியூர்க்காரர்கள் பலர் விட்டுவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். நான் சொன்ன மூன்றில் மூன்றாவது முழு மேளம் இங்கேதான். காலை எட்டு மணியை ஒட்டி மணிகண்டனாலிலிருந்து பாறமேக்காவும் நாய்க்கனாலிலிருந்து திருவம்பாடியும் ஆளுக்கொரு பாண்டி மேளத்தோடு ஸ்ரீமூலஸ்தானத்தை நோக்கிக் கிளம்பும். முந்தைய நாள் இலஞ்சித்தறயை விட்டவர்களுக்கு இது ஈடு. பிரமாணிகளும் குழுவின் தூண்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். வருபவர்களில் உள்ளூர்க் குடும்பங்களே அதிகம் என்பதால் அப்பாவை நிம்மதியாக நிறுத்தலாம். முந்தைய நாள் திருவம்பாடியைக் கேட்டிருந்தால் ஏழரைக்கு மணிகண்டனாலில் நில்லுங்கள். நண்பகல் வாக்கில் இரு பகவதிகளும் உபசாரம் சொல்லிப் பிரிவார்கள். அதோடு பூரம் முடிந்தது. நேரங்களெல்லாம் அரை மணி முன்னே பின்னே ஆகும். அந்த ஆண்டின் பிரமாணிகள் பெயரும் நேரமும் சில நாள் முன்பே மலையாள நாளிதழ்களில் வந்துவிடும். எல்லைப்புறத்தில் அதைப் படித்துச் சொல்ல ஆள் கிடைக்காமலா போகும்?

உடம்பைப் பற்றி. நம் பக்கத்து வறண்ட வெயிலை நினைத்துப் போகாதீர்கள். திருச்சூரின் புழுக்கத்தில் வியர்வை காயாது. சூடு உடம்பிலேயே நிற்கும். மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் ஆளுக்கு இரண்டு லிட்டர் கையில் இருக்கட்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உப்பு இறங்கித் தலைசுற்றும். வழியில் சம்பாரம் கிடைக்கும்; அது நம் நீர்மோர்தான், குடியுங்கள். அல்லது ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து எடுத்துப் போங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால் இந்தக் கரைசலை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். வெள்ளைப் பருத்தி வேட்டி, தோளில் ஒரு ஈரிழைத் துண்டு. துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டால் தொப்பியைவிட நன்றாக வேலை செய்யும். குடை கொண்டுபோவது பின்னால் நிற்பவரிடம் திட்டு வாங்கத்தான். மதிலுக்குள் செருப்பு கூடாது. வெளியே விட்ட செருப்பு திரும்பக் கிடைக்கும் என்று நம்பாமல், ஒரு துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

காதுக்கு: இதை யாரும் சொல்வதில்லை, ஆகவே விரிவாகச் சொல்கிறேன். தொழிலிடப் பாதுகாப்பில் பின்பற்றும் ஒரு கணக்குப்படி 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்குக் கால் மணி நேரம். பெரிய மேளத்தின் உச்சத்தில் கிட்டே நின்றால் 100-ஐத் தொடுவது சாதாரணம். ஒன்றரை நாள் முழுக்கக் கேட்பவர் காதடைப்பான் இல்லாமல் போகக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் கூர்மையான ஒலிகளைக் கூடுதலாக விழுங்கிவிடும். இலத்தாளம் மங்கி, கொட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இசைக் கலைஞர்கள் போடும் வடிகட்டி வைத்த அடைப்பான் என்றால் எல்லா ஒலியும் ஏறக்குறைய ஒரே அளவில் தணியும். சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அதையே வாங்குங்கள். நுரைதான் கிடைத்தது என்றால், விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பலர் காது வாயிலில் சொருகி வைத்துவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். மெதுவான காலங்களில் கழற்றிக்கொள்ளலாம்; வேகம் ஏறும்போது போடுங்கள். வெடிக்கெட்டுக்குக் கட்டாயம். மறுநாள் காலை காதில் "ங்ங்" என்ற ஒலி நிற்கவில்லை என்றால் அன்றைய மேளத்தைத் தள்ளி நின்று கேளுங்கள்.

கூட்ட நேரத்தில் கைபேசி வலையமைப்பு திணறும். பிரிந்துபோனால் எங்கே சேர்வது என்று ஓர் இடத்தையும், "ஒவ்வொரு மணியும் முடியும்போது" என்று ஒரு நேரத்தையும் காலையிலேயே பேசிவையுங்கள். ரவுண்டுக்குள் வேண்டாம், வெளியே, ரயில் நிலையம் போகும் வழியில் ஒரு கடை வாசல் நல்லது. யானைக்குப் பின்னாலும் இரண்டு யானைகளுக்கு நடுவிலும் நிற்க வேண்டாம். எங்கே நின்றாலும் பக்கவாட்டில் விலகிப்போக ஒரு சந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நில்லுங்கள். யாராவது கத்தி ஓடினால் கூடவே ஓடாமல் சுவரோரம் ஒதுங்குங்கள்; அடிபடுபவர்கள் பெரும்பாலும் நெரிசலில்தான் அடிபடுகிறார்கள்.

போக்குவரத்து. பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம், கொல்லங்கோடு, நென்மாறை, வடக்கஞ்சேரி வழியாக வந்து தேசிய நெடுஞ்சாலை 544-இல் ஏறி, குதிரான் சுரங்கம் தாண்டி மண்ணுத்தி போவதுதான் சுருக்கு. பூரத்தன்று ரவுண்டுக்குள் வண்டி விடமாட்டார்கள். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், திரும்ப எடுப்பதும் பெரும்பாடு. ஆகவே பாலக்காட்டில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் போங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். திருச்சூர் நிலையத்திலிருந்து ரவுண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. அண்மை ஆண்டுகளில் பூரத்தை ஒட்டிச் சில ரயில்களுக்குப் பூங்குன்னத்தில் தற்காலிக நிறுத்தம் கொடுக்கிறார்கள். திருவம்பாடிப் பக்கம் போக அது வசதி. அறை வேண்டுமானால் மாதக்கணக்கில் முன்பதிவு செய்தாக வேண்டும். கிடைக்காதவர்கள் ரவுண்டை விட்டுத் தள்ளி, ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில் பாருங்கள்.

பூரத்துக்கு முன்னால் ஒரு ஒத்திகை வேண்டுமென்றால் அது உங்கள் வழியிலேயே இருக்கிறது. நென்மாறை–வல்லங்கி வேலை என்ற கோயில் திருவிழா மீனம் (நம் பங்குனி) 20-ஆம் தேதி, அதாவது ஏப்ரல் 2 அல்லது 3. இரண்டு ஊர்க்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு பஞ்சவாத்தியமும் பாண்டியும் கொண்டுவருவார்கள். பொள்ளாச்சியிலிருந்து காலையில் கிளம்பி இரவே திரும்பிவிடலாம். அங்கே ஒரு பஞ்சவாத்தியத்தைச் சங்கிலிருந்து கேட்டுவிட்டு வந்தால், திருச்சூரில் அப்பா உங்களுக்குச் சொல்லித் தருவார்.

பூரத்தின் நெரிசல் ஒத்துவராது, ஆனால் பல நாள் உட்கார்ந்து பல பிரமாணிகளைக் கேட்க வேண்டும் என்றால், இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்கம் உற்சவம் பாருங்கள். பூரத்துக்கு மறுநாள் கொடியேறும். பகலில் சீவேலி, இரவில் விளக்கு என்று இரண்டு ஊர்வலம், இரண்டுக்கும் பதினேழு யானைகளோடு பஞ்சாரி. நாளுக்கு இரண்டு மேளம், நாளுக்கு நாள் பிரமாணி மாறுவார். முதல் காலமான 96 மட்டுமே ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போகும். கோயில் மதிலுக்குள் விசாலமான பிராகாரம் என்பதால் தள்ளுமுள்ளு குறைவு. முதியவர்கள் ஓரமாக உட்கார்ந்தே கேட்கிறார்கள். மழை விட்ட பிறகு வேண்டுமென்றால் கார்த்திகையில் திருப்பூணித்துறை பூர்ணத்திரயீசன் கோயில் விருச்சிகோற்சவம் எட்டு நாள். அங்கே காலைப் பஞ்சாரி முடிந்தால் மாலையில் கச்சேரி, இரவில் கதகளி. அப்பாவால் ஐந்து மணி நேரம் நிற்க முடியாது என்று தோன்றினால், பூரத்துக்கு நீங்கள் மட்டும் போய்வாருங்கள். அவரைக் கூடல்மாணிக்கத்துக்கு அழைத்துப் போங்கள். காலைச் சீவேலி எட்டரையை ஒட்டித் தொடங்கும். எட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டால் 96-இன் முதல் அட்சரத்திலிருந்து கேட்கலாம்.